பார்வையாளர் வரும் பள்ளிக்கூடம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் வழியில் உள்ள திருப்பாச்சூரைத் தேவாரப் பாடல் பெற்ற தலமாக அறிந்தோர் பலர். வாசீஸ்வரர் கோயிலுக்கு வெளியூரிலிருந்து அன்பர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், திரும்புகிறார்கள். அண்மைக் காலமாக, தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இவ்வட்டாரத்திலும், நன்றாக நடக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு வேறொரு வகைப் பார்வையாளர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பிற பள்ளிகளின் ஆசிரியர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள், தன்னார்வ அமைப்பினர், சில நேரங்களில் பிற மாநில அலுவலர்கள். ஒரு பள்ளி தன் வகுப்பறைக் கதவைத் திறந்து, 'நாங்கள் இப்படித்தான் கற்பிக்கிறோம்' என்று காட்டுகிறது. நல்ல செயல்தான், ஐயமில்லை. ஆனால், அன்று மாலை பேருந்து ஏறும் பார்வையாளரின் பையில் என்ன செல்கிறது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை.

கல்வியியலாளர்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. ஓரிடத்தில் பிறந்த அறிவு இன்னோர் இடத்துக்கு எப்படிப் பரவுகிறது, என்ன விலை கொடுத்துப் பரவுகிறது, வழியில் எவ்வளவு சிந்துகிறது என்பவை பொருளியலின் பழைய கேள்விகள். அவற்றுக்கு விடை தேடத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நகருக்கு மேற்கே திருப்பாச்சூர் என்றால், கிழக்கே சென்னைச் சாலைப் பக்கம் திரூர். அந்தச் சிற்றூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒன்று விதையைப் பரப்புகிறது. மற்றொன்று கற்பித்தலைப் பரப்புகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படும்.

திரூர்க்குப்பம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கித்தான் 'டி.கே.எம்.' வகை நெல்லுக்குப் பெயர் வந்தது. 1950களில் இங்கு வெளியிடப்பட்ட டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அதைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் கலப்பினப் பணியில் பயன்படுத்திக்கொண்டது. 1969இல் வெளிவந்து தமிழக உழவர்களின் நாவில் நெடுங்காலம் நிலைத்த ஐ.ஆர். 20 ரகத்தின் பெற்றோரில் ஒன்று திரூர் நெல்தான். மணிலாவுக்கு அருகே லாஸ் பானோஸ் சென்றது ஒரு கைப்பிடி விதை. அந்த விதைக்குள் தேவையான செய்தி முழுவதும் இருந்தது. அதை எடுத்துச் சென்றவர் மறந்துவிட்டாலும், பாதி கேட்டுவிட்டு உறங்கிவிட்டாலும், விதை தன் குணத்தை மறக்காது.

கற்பித்தல் முறை அப்படிப்பட்டதன்று. அதன் செய்தி ஆசிரியரின் கையிலும் கண்ணிலும் பொறுமையிலும் பரவிக் கிடக்கிறது. ஒரு குழந்தை 'வண்டி' என்ற சொல்லில் திணறும்போது எப்போது உதவ வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது நல்ல ஆசிரியருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மைக்கேல் பொலானி இவ்வகை அறிவுக்கு 'உள்ளுறை அறிவு' என்ற பொருள்படும் பெயரை வைத்தார். கைத்தறி நெசவும், சமையலும், அறுவை மருத்துவமும் பெரும்பாலும் இவ்வகை அறிவால் நடப்பவை. இந்த அறிவைச் சுற்றறிக்கையில் ஏற்றி அனுப்ப முடியாது. அருகில் இருந்து பார்த்து, செய்து, தவறி, மீண்டும் செய்துதான் பெற முடியும். ஆகவே ஆசிரியர் ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது வீண் அல்ல. வேறு வழியே இல்லை என்றுகூடச் சொல்லலாம். எப்படிப் பார்ப்பது, எவ்வளவு நாள் பார்ப்பது, பார்த்தபின் என்ன நடப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்குத் தமிழகமே ஒரு பெரிய சான்று. செயல்வழிக் கற்றலின் கதையை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி என்ற இடத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை வழி அமைந்த பள்ளி ஒன்று உண்டு. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா தம்பதியினர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கென ஒரு முறையை உருவாக்கினார்கள். ஓர் ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புகளின் குழந்தைகள் என்பதுதான் அங்கிருந்த நிலைமை. பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை எழுதி, குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறும்படி அமைத்தார்கள். ஒரு நாள் வராத குழந்தை, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த முறை தமிழகத்துக்கு ஓர் அலுவலர் வழியாக வந்தது. வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்களுக்கான பள்ளிகளில் இதன் பயனைக் கண்ட எம்.பி. விஜயகுமார், 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பினார். சென்றவர்கள் ஒரு பொழுது பார்த்துத் திரும்பவில்லை. தங்கிப் பயின்றார்கள், திரும்பி வந்து தமிழுக்குரிய அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகள். பின்னர் மாநகராட்சியின் 264 தொடக்கப் பள்ளிகள். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக விஜயகுமார் பொறுப்பேற்றபின், ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளிகள் வீதம் மாநிலம் முழுவதும் இது சென்றது. 2007-08இல் ஏறத்தாழ 37,500 அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் நான்காம் வகுப்பு வரை செயல்வழிக் கற்றல் நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரிஷி வேலியின் அட்டைகள் தெலுங்குக் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை. தெலுங்கில் க, க்ஹ, க, க்ஹ என நான்கு ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள். தமிழிலோ 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். எனவே தெலுங்கு ஏணியை அப்படியே தமிழில் நிறுத்த முடியாது. எந்த எழுத்தை முதலில் கற்பிப்பது, எந்தச் சொல்லை எந்தப் படியில் வைப்பது என்று சென்னை ஆசிரியர்கள் புதிதாகச் சிந்தித்தாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமே அவர்களுக்கு முறையின் உள்ளியக்கத்தைக் கற்றுக் கொடுத்தது என்பது என் கருத்து. பார்த்ததைத் தங்கள் மொழியில் மீண்டும் கட்ட வேண்டியிருந்தவர்கள் முறையின் உரிமையாளர்கள் ஆனார்கள். அதே அட்டைகளை அச்சிட்டு, கட்டுக்கட்டாகப் பெற்றுக்கொண்ட பிற்கால ஆசிரியர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் பயனாளிகள் ஆனார்கள். 'எத்தனை அட்டை வந்தது, எத்தனை தொலைந்தது' என்பதே சில இடங்களில் ஆய்வின் மையமாகிப் போனது.

கர்நாடகத்தின் 'நலி-கலி' இதற்குச் சற்று மாறான பாதையில் சென்றது. 1995இல் மைசூரு மாவட்டம் எச்.டி. கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் சிலர் யுனிசெப் துணையுடன் அதே ரிஷி வேலிக்குச் சென்று வந்தார்கள். கன்னடத்தில் தங்கள் பாடப் பொருளைத் தாங்களே ஆக்கினார்கள். அங்கும் அரசாணை வந்தது. ஆனால், ஒரு பதிற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் மாநிலம் முழுமைக்கும் வந்தது. தமிழகம் நான்கைந்து ஆண்டுகளில் 13 பள்ளிகளிலிருந்து 37,500 பள்ளிகளுக்குத் தாவியது. வேகத்துக்கு ஒரு நியாயம் உண்டு: இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை அடுத்த பதிற்றாண்டு வரை காத்திருக்க முடியாது. வேகத்தின் விலையும் உண்டு; அதைப் பின்னால் கொடுத்தோம்.

அந்த ஆண்டுகளில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்தாம் பார்வையாளர்களின் புண்ணியத் தலம். பிற மாநில அலுவலர்களும் வெளிநாட்டுக் குழுவினரும் வந்து பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் முதலில் பட்டவை எவை? தரையோடு ஒட்டிய தாழ்வான கரும்பலகைகள், பாயில் அமர்ந்த குழந்தைகள், அவர்களோடு தரையில் அமர்ந்த ஆசிரியை, தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் குழந்தைகளின் ஓவியங்கள், தங்கள் வருகையைத் தாங்களே பதியும் அட்டவணை. அனைத்தும் அழகானவை, பொருளுள்ளவையும்கூட. ஆசிரியை தரையில் அமர்வது என்பது நம் சமூகத்தில் சிறிய மாற்றம் அன்று. ஆனால் கண்ணில் படாதவைதாம் முறையின் உயிர். நாற்பது குழந்தைகள் நாற்பது வெவ்வேறு படிகளில் நிற்கும்போது, யாருக்கு இப்போது ஆசிரியர் துணை தேவை, யாருக்குச் சக மாணவர் துணை போதும், யாரைத் தனியே விடலாம் என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்கும் திறன் அது. ஒரு மணி நேரப் பார்வையில் அது தெரியாது. ஆகவே தாழ்வான கரும்பலகை பரவியது. அந்தத் திறன் பரவவில்லை.

வளர்ச்சிப் பொருளியலில் லான்ட் பிரிட்செட்டும் அவருடைய சகாக்களும் இதைத் தோற்றப் போலி என்ற பொருளில் விளக்கியிருக்கிறார்கள். நச்சுப் பாம்பின் நிறத்தைப் பெற்ற நச்சற்ற பாம்பு பிழைத்துக்கொள்வதுபோல, வெற்றிபெற்ற நிறுவனத்தின் வடிவத்தை நகலெடுத்த நிறுவனம் மேலிடத்தின் பாராட்டைப் பெற்றுப் பிழைத்துக்கொள்ளும். வேலை மட்டும் நடக்காது. பள்ளிகளைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. கல்லூரிகளில் மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் சுவர்களுக்கு வண்ணம் பூசப்படுவதையும், நூலகத்தில் திடீரென்று மாணவர் கூட்டம் பெருகுவதையும் முப்பது ஆண்டுகள் பார்த்தவன் நான். வடிவத்தைப் பார்க்க வருபவருக்கு வடிவத்தைக் காட்டுவது மனித இயல்பு.

வேளாண்மையிலும் நாம் இதை அனுபவித்திருக்கிறோம். 1980களில் உலக வங்கியின் ஆதரவுடன் தமிழக வேளாண் துறை 'பயிற்சியும் பார்வையிடலும்' என்ற முறையைக் கடைப்பிடித்தது. வேளாண் அலுவலருக்குக் குறித்த நாளில் பயிற்சி. அவர் குறித்த நாளில் கிராமத்துக்குச் செல்வார். தேர்ந்தெடுத்த சில 'தொடர்பு உழவர்'களிடம் சொல்வார். அவர்கள் வழியாக மற்றவர்களுக்குச் செய்தி பரவும் என்பது எதிர்பார்ப்பு. தொடர்பு உழவர்களாகப் பெரும்பாலும் அமைந்தவர்கள் நிலமும் பாசனமும் உள்ளவர்கள். அவர்கள் வயலில் விளைந்தது, மானாவாரிக்காரருக்குப் பாடமாகவில்லை. 'அவருக்குக் கிணறு இருக்கிறது' என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியில் போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்த ஸ்வி கிரிலிகஸ் 1957இலேயே காட்டியது இதைத்தான்: புதியதை ஏற்பதும் தள்ளிப்போடுவதும் உழவரின் அறியாமையைப் பொறுத்தது அன்று, அவருடைய மண்ணில் அது எவ்வளவு ஆதாயம் தரும் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கிணற்றின் இடத்தில் இன்று திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளில் எது இருக்கிறது? கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை எனத் தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டம் இது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் வந்தபின், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆதாயம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் அத்தகைய உதவிகளுக்கு வழி திறந்தது. தொழிற்சாலைக்கு அருகிலுள்ள பள்ளிக்குத் திறன் வகுப்பறையும் கழிப்பறையும் சுவர் ஓவியமும் கிடைக்கின்றன; பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பள்ளிக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியை முதல் பள்ளியைப் பார்க்க வந்தால், அவர் கண்ணில் முதலில் படுவது பெரிய திரை. 'எங்களுக்கும் இப்படி ஒரு நிறுவனம் கிடைத்தால் செய்வோம்' என்று எண்ணிக்கொண்டு திரும்புவார். பணம் வாங்கித் தந்தது எது, பழக்கம் உருவாக்கித் தந்தது எது என்று பிரித்துக் காட்டாத பார்வையிடல், ஊக்கத்தைவிட ஏக்கத்தையே அதிகம் வளர்க்கும்.

இனி, செலவுக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள். நம் கிராமப்புறங்களில் ஏராளமானவை ஈராசிரியர் பள்ளிகளே. அவர்களில் ஒருவர் வேறு பள்ளியைப் பார்க்கச் சென்றால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஓர் அறையில் அமர்த்துகிறார். பயணப்படி அரசு ஏட்டில் பதிவாகிறது; இழந்த பாடவேளை எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. காட்டும் பள்ளிக்கும் இதே கதைதான். ஆண்டில் 20 நாள்கள் பார்வையாளர் வந்தால், சட்டம் குறித்த நாள்களில் பத்தில் ஒரு பங்கு. அந்நாள்களில் பாடம் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் நன்றாகப் படிக்கும் நான்கு குழந்தைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். அதிகம் உதவி தேவைப்படும் குழந்தை அன்று ஓரத்தில் அமர்ந்திருக்கும். பார்வையாளர் பார்த்துக் கற்க வேண்டிய குழந்தை அந்த ஓரத்துக் குழந்தைதான் என்பது வேடிக்கை.

நம் மேலிடங்களும் பார்வையிடுவதில் குறைந்தவை அல்ல. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தில்லி மாதிரிப் பள்ளியைப் பார்வையிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 5இல் தில்லி முதலமைச்சராக இருந்த கேஜரிவால் முன்னிலையில் தகைசால் பள்ளிகளும் மாதிரிப் பள்ளிகளும் தமிழகத்தில் தொடங்கப்பட்டன. நம் காலை உணவுத் திட்டத்தைப் பார்க்கத் தெலங்கானா அலுவலர்கள் இங்கு வந்தார்கள். 2024இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட 'கனவு ஆசிரியர்கள்' பிரான்ஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். காலை உணவு போன்ற திட்டம் பார்த்தால் பரவும். அரிசியும் ரவையும் அடுப்பும் நேரமும் எழுதி வைக்கக்கூடியவை. கட்டடமும் அப்படியே. தொடக்க வகுப்பில் வாசிக்கக் கற்பிப்பது அப்படியன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. பிரான்ஸுக்குச் சென்ற ஆசிரியர் மகிழ்ந்து திரும்பட்டும். நல்லாசிரியருக்கு அது தகும். ஆனால் அதைக் கற்பித்தல் சீர்திருத்தம் என்று அழைக்க வேண்டாம். பரிசு என்று அழைப்போம்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிந்தைய கற்றல் இழப்பை ஈடுகட்ட வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில், புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக் குழந்தைகள் அனைவரும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் 2025ஐ இலக்கு ஆண்டாகக் குறித்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்ப வகுத்து, பல வகுப்புகளை ஒன்றாக அமர்த்திக் கற்பிக்கும் இம்முறை, ரிஷி வேலியின் ஏணிப்படிக்குத் தூரத்து உறவு. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு முதல் வகுப்புப் பாடம் தேவைப்பட்டால் கூச்சமின்றி அதைக் கொடு என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. அக்கருத்து சரியானது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்கும் பயிற்சியில் அது எவ்வளவு மீந்து வகுப்பறைக்கு வந்தது என்பதுதான் கேள்வி. அடுக்கடுக்காக ஊற்றினால் அடியிலுள்ள பாத்திரத்துக்குக் கொஞ்சமே சேரும். இடையில் செயலியில் மதிப்பெண் பதிவேற்றும் சுமையும், கல்வியியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய மதிப்பீடும் ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பைச் சந்தித்தன. தன்னைவிட இளையவர் வந்து தன் வகுப்பை அளப்பதை அவர்கள் தணிக்கையாகக் கண்டார்கள். பார்வையிடலுக்கும் தணிக்கைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அழிந்துவிட்டால், எந்த ஆசிரியரும் தன் வகுப்பறையை உண்மையாகத் திறந்து காட்ட மாட்டார்.

ஜப்பானில் இதற்கு நூறாண்டுக்கும் மேலான ஒரு மரபு இருக்கிறது. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் சுவரோரம் நின்று குழந்தைகளை மட்டும் கவனிக்கிறார்கள். பிறகு கூடி அமர்ந்து, குழந்தைகள் எங்கே தடுமாறினார்கள் என்று பேசுகிறார்கள். விமர்சனம் பாடத்தின்மேல்தான், நடத்தியவர் மேல் அன்று, ஏனெனில் பாடம் அனைவரும் சேர்ந்து செய்தது. திருத்திய பாடத்தை இன்னொருவர் மறுபடியும் நடத்துகிறார். கொலம்பியாவின் 'எஸ்குவேலா நுவேவா' எனப்படும் புதிய பள்ளி இயக்கம் 1970களில் மலைக் கிராமங்களின் பல்வகுப்புப் பள்ளிகளுக்காகத் தொடங்கியது. புதிய ஆசிரியர்கள் முன்மாதிரிப் பள்ளிக்குச் சென்று பார்ப்பதோடு, அக்கம்பக்கத்து ஆசிரியர்கள் தவறாமல் கூடும் சிறு வட்டங்களையும் அது அமைத்தது. 1980களின் இறுதியில் அரசு அதை நாடெங்கும் விரைவாகப் பரப்பியபோது அந்தக் கவனம் குறைந்தது, தரமும் தளர்ந்தது. நம் செயல்வழிக் கற்றலுக்கு நேர்ந்ததைக் கொலம்பியா சற்று முன்னதாகவே அனுபவித்தது.

நமக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. குறுவள மையம் என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கு ஆசிரியர்கள் கூடுகிறார்கள். அக்கூட்டங்களில் காணொலிக்கும் உரைக்கும் கொடுக்கும் நேரத்தில் பாதியை, அவ்வட்டாரப் பள்ளி ஒன்றின் ஒரு பாடத்தைப் பற்றிப் பேசக் கொடுத்தால் போதும். திருப்பாச்சூரைச் சுற்றியுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒரே பேருந்தில் வருகிறவர்கள். நூறு பேருக்கு ஒரு நாள் காட்டுவதைவிட, ஐந்து பேர் மூன்று நாள்கள் இருந்து, மூன்றாம் நாள் அந்தக் குழந்தைகளுக்குத் தாங்களே பாடம் நடத்திப் பார்ப்பது அதிகப் பயன் தரும். சென்னை ஆசிரியர்கள் ரிஷி வேலியில் செய்தது ஏறத்தாழ அதுதான்.

அதைவிட முக்கியமானது எதிர்வருகை. காட்டிய ஆசிரியை, பார்த்த ஆசிரியையின் பள்ளிக்குச் செல்ல வேண்டும். தன் முறை வேறொரு மண்ணில், வேறு குழந்தைகளிடம், திரை இல்லாத அறையில் எப்படி நடக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். முறை எங்கே முறிகிறது என்பது அங்கேதான் தெரியும். அதில் அவரும் கற்பார். இதற்காகும் செலவு இரண்டு ஆசிரியர்களின் பேருந்துக் கட்டணமும், அந்நாள்களில் அவர்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்றாசிரியர் ஒருவரின் ஊதியமும் மட்டுமே. ஆசிரியர் பட்டயப் பயிற்சி மாணவர்களைப் பயிற்சிக் காலத்தில் இப்பணிக்கு அனுப்பலாம். அவர்களுக்கும் அனுபவம் ஆகும். ஒன்றியத்துக்கு ஓர் ஆண்டில் இதற்கு ஆகும் தொகை, ஒரு திறன் வகுப்பறை அமைக்கும் செலவை எட்டாது என்றே கருதுகிறேன். திட்டமிடுவோருக்கு இதில் ஒரே ஒரு குறைதான் தோன்றும்: படம் எடுத்து வெளியிட இதில் ஒன்றும் இருக்காது.

பார்வையிட வருவோரிடம் பள்ளிகள் தங்கள் தோல்விகளையும் சொல்ல வேண்டும் என்பேன். எந்தச் செயல்பாட்டைத் தொடங்கி ஏன் கைவிட்டோம், எந்தக் குழந்தைக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை, அவருக்கு என்னென்ன செய்து பார்த்தோம் என்பவை வெற்றிக் கதைகளைவிட விலை மதிப்புள்ள செய்திகள். மருத்துவர்கள் இறந்த நோயாளியின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கூடிப் பேசுவதால்தான் மருத்துவம் வளர்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு இடம் வேண்டுமானால், அங்கு சொல்லப்படுவது எதுவும் கல்வி அலுவலரின் கோப்புக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியை ஆசிரியர்களால் தர முடியாது. துறைதான் தர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், இம்மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1960இல் எல்லைச் சீரமைப்பின்போது சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகள் தமிழ்வழிப் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முதல் வகுப்புப் புத்தகத்தின் மொழி வீட்டு மொழி அன்று. செங்குன்றம், பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிஸாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளர்கள் மழைக்காலம் முடிந்து வந்து, ஜூன் வாக்கில் திரும்புகிறார்கள். நம் பள்ளி ஆண்டு தொடங்கும் நேரத்தில் அவர்கள் புறப்படுகிறார்கள். அவர்கள் வரும்போது நம் பாடத்தில் பாதி முடிந்திருக்கும். அக்குழந்தைகளுக்கு ஒடியா மொழியில் கற்பிக்க அரசும் தன்னார்வ அமைப்புகளும் சூளைகளுக்கு அருகே மையங்கள் நடத்தி வந்துள்ளன. அம்மாநிலப் புத்தகங்களை வரவழைத்து, அம்மொழி தெரிந்த இளைஞர்களைக் கொண்டு கற்பித்தார்கள். அரிய முயற்சி அது.

தன் வகுப்பில் நவம்பரில் திடீரென்று ஆறு ஒடியாக் குழந்தைகளைக் காணும் ஓர் ஆசிரியை, அவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று பார்த்துக் கற்க விரும்பினால் எங்கே செல்வார்? அவருக்குக் காட்டத்தக்க பள்ளி இம்மாவட்டத்தில் இருக்கிறது என்றால், அது ஏதோ ஒரு சூளைக்கு அருகில், இரண்டு ஆசிரியர்களோடு, பல ஆண்டுகளாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டி ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்த பள்ளியாகத்தான் இருக்கும். வண்ணச் சுவர் அங்கு இருக்க வாய்ப்பில்லை. ஆண்டுத் தொடக்கத்திலும் இறுதியிலும் மாணவர் எண்ணிக்கை பொருந்தாததால், கல்வி அலுவலகப் புள்ளிவிவரத்தில் அது பின்தங்கிய பள்ளியாகவே தெரியும். பார்வையிடத் தகுந்த பள்ளிகளின் பட்டியலைத் தயாரிப்பவர்கள் அந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துத்தான் தயாரிக்கிறார்கள்.